அம்மாவின் தாடையும் பெரியம்மாவின் பெருவிரல்களும்

எங்கள் வீட்டில் அம்மா கொட்டாவி விட்டால் மற்ற எல்லாரும் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டு எழும்பி நிற்போம். "அம்மா, கை! கை!" என்று நான் கத்துவேன். அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு "நாடி, நாடி" என்பார். அம்மா கொட்டாவியின் பாதி வழியில் நினைவு வந்தவராக இரண்டு கையாலும் நாடியைக் கீழிருந்து தாங்கிப் பிடிப்பார். கொட்டாவி சுகமாக முடிந்ததும் எங்களைப் பார்த்து, "என்ன கோதாரிக்கு இப்பிடிக் குளறுறியள்? மனிசர் நிம்மதியா ஒரு கொட்டாவி விடேலாது இந்த வீட்டிலை" என்று ஏசுவார். குண்டு போட வரும் பொம்பருக்குப் பயந்து பங்கர் வெட்டுவதற்கு முன்பே எங்கள் குடும்பம் இப்படி ஆபத்துக்குப் பழகியிருந்தது.

அம்மாவின் தாடைப் பூட்டு தளர்ந்தது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பார். புட்டுச் சாப்பிட்டாலே காதடியில் "டொக், டொக்" என்று கேட்கும். காய்ந்த பனங்கிழங்குப் புழுக்கொடியல் சப்பினால் முன்விறாந்தையில் இருக்கிற அப்பாவுக்கும் கேட்கும். அதெல்லாம் நாளாந்த விஷயம், யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் வருஷத்தில் சில தடவை, பெரிதாக வாயைத் திறக்கும்போது, தாடை கழன்று முன்னால் போய் நின்றுவிடும். பிறகு மூடாது. நாடி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கும், வாயோரத்தால் வீணீர் வடியும், என்ன சொல்ல வந்தாலும் "ஆ... ஆ..." என்றுதான் வரும். உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக வாய்க்காரி என்று பெயர் எடுத்த மனுஷிக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா? எனக்கும் வாய் நீளம்தான். நல்ல காலம், தாடை மட்டும் அப்பாவின் பக்கம்.

கழன்ற தாடையைத் திரும்பக் கொளுவத் தெரிந்த ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அம்மாவின் ஒரே அக்கா, எனக்குப் பெரியம்மா. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நேர்ஸாக வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். பெரியப்பா காலமாகி எவ்வளவோ வருஷம். ஒரே மகன் கனடாவில். சீதனமாக வந்த ஒரே வளவில் அக்காவுக்கும் தங்கைக்கும் இரண்டு வீடு, நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு. பொட்டு என்றால் ஓர் ஆள் குனிந்து போய்வரக்கூடிய இடைவெளி. அதால் கறிச்சட்டி போகும், கறிவேப்பிலை வரும், ஊர்க்கதை இரண்டு பக்கமும் போய்வரும். அம்மாவின் தாடை கழன்றால் நான் பொட்டடியில் நின்று "பெரியம்மா!" என்று ஒரு குரல் வைத்தால் போதும். வந்து, கொளுவிவிட்டு, அடுப்பில் கறி எரிந்துவிடும் என்று அதே பொட்டால் ஓடிவிடுவார்.

என் அக்காவின் கலியாணத்தோடு அந்தப் பொட்டு அடைபட்டது.

எங்கள் ஊரில் கலியாணத்துக்குக் காட் அனுப்பினால் போதாது. வீட்டுக்குப் போய், விறாந்தையில் இருந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்து, நேரே சொல்லவேண்டும். சொல்லாத கலியாணத்துக்குச் சொந்தத் தாய்மாமனும் வரமாட்டான். அப்பா சைக்கிளில் கிழமைக்கணக்காக அலைந்து சொன்னார். தொண்டைமானாற்றில் ஒரு தூரத்துச் சொந்தம், வட்டுக்கோட்டையில் இன்னொரு தூரத்துச் சொந்தம். என்ன முறை என்று அம்மாவே விரல் மடித்துப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். அவர்களுக்கும் சொன்னார். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பெரியம்மாவுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

"வீட்டுக்காரருக்கு ஆரும் கலியாணம் சொல்லுறதே?" என்பது அம்மாவின் நியாயம். கலியாணப் பலகாரம் சுட்டதே பெரியம்மாவின் தாச்சியில். மாப்பிள்ளையின் சாதகத்தை முதலில் பார்த்ததே பெரியம்மா. அப்படிப்பட்டவர் வீட்டுக்கு வாசல் படலையால் போய், விறாந்தையில் இருந்து, "இன்ன நாள் கலியாணம், கட்டாயம் வாங்கோ" என்று சொன்னால் அதுதான் மரியாதைக் குறைவு என்று அம்மா நினைத்தார்.

பெரியம்மாவின் நியாயம் வேறு. ஊரெல்லாம் போய்ச் சொல்ல நேரம் இருக்கு, கூடப்பிறந்தவளுக்கு ஒரு சொல் சொல்ல நேரமில்லை. கலியாணத்தன்று காலமையே பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று தன் வீட்டு விறாந்தையில் இருந்தாராம். நாங்கள் இந்தப் பக்கம், வருவார், இப்போது வந்துவிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுப்பு. என்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலும் எடுப்பு" என்றார். தாலி கட்டும்போது அடித்த மேளம் பெரியம்மாவின் விறாந்தைக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

அடுத்த நாள் பொட்டால் போன பலகாரத்தட்டு, மூடின துணிகூட விலகாமல் திரும்பி வந்தது. அன்று பின்னேரம் அந்தப் பக்கத்தில் இருந்து பொட்டுக்குக் குறுக்கே ஒரு கருக்குமட்டை விழுந்தது. அம்மா பார்த்துவிட்டு உள்ளே போய், இதைவிடக் கருக்கு வாய்த்த பனைமட்டையாகத் தேடி எடுத்து வந்து இந்தப் பக்கத்தால் இரண்டு வைத்தார். அவ்வளவுதான், அக்காவும் தங்கையும் கதையில்லை.

கதையில்லை என்றால் பேசாமல் இருப்பார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். அம்மா ஆட்டோடு கதைத்தார். பெரியம்மா கோழிகளோடு கதைத்தார். ஆட்டுக்குச் சொன்னதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கமும், கோழிக்குச் சொன்னதெல்லாம் இந்தப் பக்கமும் தெளிவாகக் கேட்கும்படிதான் இருவரும் சொன்னார்கள். எங்கள் ஆடு செய்யாத குற்றத்துக்கெல்லாம் ஏச்சு வாங்கியது.

ஒரு நாள் ஆடு குழைக்கு வராமல் தள்ளி நின்றது. சாட்டு கிடைத்துவிட்டது அம்மாவுக்கு.

"ஏன், வந்து சொன்னால்தான் வருவியோ? வெத்திலை வைச்சுக் கூப்பிடோணுமோ உனக்கு? பெரிய எடுப்பு! உன்னைப் பெத்து விட்டதுகளைச் சொல்லோணும்!"

அந்தக் கடைசி ஏச்சில் அம்மா கொஞ்சம் தடுமாறினார். பெற்று விட்டது யார் என்று நினைவு வந்துவிட்டது போலும். அந்தத் தடுமாற்றத்தை மறைக்க, அடுத்ததை இன்னும் பெரிதாகச் சொல்ல வாயைத் திறந்தார். "டொக்."

ஏச்சு நடுவில் நின்றது. ஆடு நிமிர்ந்து பார்த்தது. நான் கிணற்றடியில் இருந்து ஓடிவந்தேன். அம்மா ஆவென்று நின்றார், நாடி முன்னுக்கு வந்திருந்தது. கை மட்டும் வேலியைக் காட்டி "வேண்டாம், வேண்டாம்" என்று ஆடியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப ஆடு வந்து கொளுவுமோ?" என்று கேட்டுவிட்டு, பொட்டு அடைத்திருந்தபடியால் ஒழுங்கையைச் சுற்றி ஓடினேன்.

பெரியம்மா விறாந்தையில் நேராக இருந்தார். கை கழுவியிருந்தார். மடியில் வெள்ளைத் துணி பட்டி பட்டியாகக் கிழித்து வைத்திருந்தது. ஏச்சு பாதியில் நின்றதைக் கேட்டே விஷயத்தை விளங்கிக்கொண்டுவிட்டார். ஆனாலும் எழும்பவில்லை.

"என்ன பிள்ளை, இந்தப் பக்கம்?"

"பெரியம்மா, கெதியா வாங்கோ. அம்மாவுக்கு வாய்..."

"ஆர் வரச்சொன்னது?"

"அம்மாதான்."

"தன்ரை வாயாலை சொன்னவவோ?"

"அந்த வாய்தான் மூடேலாமக் கிடக்கு, பெரியம்மா!"

"அப்ப நீயாவது ஒழுங்காச் சொல்லு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அம்மா அங்கே வீணீர் வடித்துக்கொண்டு நிற்கிறாரே. கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன்: "பெரியம்மா, எங்கடை வீட்டிலை அம்மாவுக்குத் தாடை கழண்டிருக்கு. நீங்கள் கட்டாயம் வந்து, முன்னுக்கு நிண்டு நடத்தித் தரோணும்."

"இது கதை" என்று சொல்லிப் பெரியம்மா எழும்பினார்.

அம்மாவை நிலத்தில் பலகையில் இருத்தி, நான் பின்னால் முழங்காலில் நின்று தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். பெரியம்மா முன்னால் இருந்து இரண்டு பெருவிரலுக்கும் துணி சுற்றினார். மெதுவாகச் சுற்றினார். அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"பிள்ளை, காதுக்கு முன்னாலை தொட்டுப் பார். குழி தெரியுதே?"

தொட்டுப் பார்த்தேன். என் விரல் நுனி வைக்கிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது.

"தாடை எலும்பின்ரை தலை அதுக்குள்ளைதான் இருக்கோணும். வாயைத் திறக்கேக்கை கொஞ்சம் முன்னாலை வழுக்கிப் போகும். அங்கை ஒரு மேடு கிடக்கு. அளவோடை வாய் திறக்கிற ஆக்களுக்கு மேட்டடி மட்டும் போய்த் திரும்பி வந்திடும். அளவில்லாமத் திறக்கிற ஆக்களுக்கு மேட்டைத் தாண்டி அங்காலை போய் நிண்டிடும்."

"ஆ!" என்றார் அம்மா.

"நிண்டால் பிறகு தசையெல்லாம் இறுகிப் பிடிச்சுக்கொள்ளும். நேரை பின்னாலை தள்ளினால் வராது. முதல்லை கீழை அமத்தோணும், பேந்துதான் பின்னாலை தள்ளோணும். வாயைத் திறந்தபடி எத்தினை மணித்தியாலம் இருந்தாலும் தானா வராது. வீம்பு பிடிச்ச எலும்பு."

"ஆ! ஆ!"

துணி சுற்றி முடிந்திருந்தது. ஆனால் பெரியம்மா விரலை வைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. பிறந்த நாளில் இருந்து இந்தத் தங்கை திருப்பிக் கதைக்காமல் அவர் ஒரு வசனம் சொல்லி முடித்ததில்லை. இன்றைக்குக் கடவுளாகப் பார்த்துச் சந்தர்ப்பம் கொடுத்திருக்கிறார். அவர் அதை விடப்போவதில்லை.

கலியாணத்தில் தொடங்கி, பலகாரத்தட்டு, கருக்குமட்டை, ஆட்டுக்குச் சொன்ன ஏச்சு என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அம்மா "ஆ" என்றார். கடைசியில் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எனக்குத் தெரியும் பிள்ளை, ஏன் சொல்லேல்லை எண்டு. புருஷன் இல்லாதவள் முன்னுக்கு வந்து நிண்டால் பிள்ளையின்ரை கலியாணத்துக்குச் சரியில்லை எண்டு நினைச்சிருக்கினம். அதை நேரை சொல்லியிருந்தால் நான் பேசாமல் வீட்டிலை இருந்திருப்பன்."

அம்மாவின் தலை என் கைக்குள் துள்ளியது. "ஆ! ஆஆ! ஆ!" கண் இரண்டும் பெரிதாகி, கை இரண்டும் ஆடி, வீணீர் என் முழங்கையில் வடிந்தது. அப்படி ஒரு நினைப்பு அம்மாவுக்குக் கனவிலும் வந்ததில்லை. அது எனக்குத் தெரியும். பெரியப்பா செத்த வீட்டில் இருந்தே, யாராவது பெரியம்மாவைப் பின்னுக்கு நிற்கச் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போகிறவர் அம்மாதான்.

"தலையை ஆட்டாதை" என்று சொல்லிப் பெரியம்மா பெருவிரல்களை உள்ளே விட்டு, கடைவாய்க் கொடுப்புப் பல்லில் வைத்துக் கீழே அமத்தி, பின்னால் தள்ளி, நாடியை மேலே தூக்கினார். "டொக்." பல்லுக்குள் அகப்படாமல் விரலையும் இழுத்துக்கொண்டார்.

அம்மாவின் வாய் மூடியது. மூடின உடனேயே திறக்கப் பார்த்தது. அதற்குள் பெரியம்மா மிச்சத் துணியை நாடிக்குக் கீழால் கொடுத்து உச்சந்தலையில் கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டார். "ரண்டு கிழமைக்கு வாய் திறக்கப்படாது. கஞ்சி குடுங்கோ. கதைக்கவே கூடாது, கழண்டிடும்." சொல்லிக்கொண்டே செருப்பைப் போட்டு, படலையால் போய்விட்டார். அம்மா ஆத்திரத்தில் காலால் பலகையைத் தள்ளினார். அதைவிட வேறு என்ன செய்வார்?

சந்தைக்குப் போன அப்பா அன்று மத்தியானம் திரும்பி வந்தார். நடு அறையில் அம்மா களைத்து நித்திரையாகிக் கிடந்தார், நாடியில் இருந்து உச்சி வரைக்கும் வெள்ளைத்துணிக் கட்டோடு. எங்கள் ஊரில் அந்தக் கட்டு ஒரே ஒரு வகை ஆட்களுக்குத்தான் கட்டுவது. முற்றத்தில் சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது, கத்தரிக்காய் எல்லாம் உருண்டது. "ஐயோ, எப்ப? எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்பக்கூடாதோ?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் இருந்துவிட்டார். அம்மா கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். உயிரோடு இருக்கிற ஆளால் மட்டும்தான் அப்படிப் பார்க்க முடியும். அப்பா எழும்பிக் கத்தரிக்காய் பொறுக்கப் போனார்.

நான் பொறுக்கமாட்டாமல் அடுத்த நாள் பெரியம்மாவிடம் போனேன். "அம்மா அப்பிடி ஒருநாளும் நினைக்கேல்லை, பெரியம்மா" என்றேன்.

"அதை அவ சொல்லட்டும்" என்றார்.

கட்டு அவிழ்த்த பிறகு அம்மாவிடம் சொன்னேன். "போய் ஒரு வசனம் சொல்லுங்கோவன்."

"நான் ஏன் சொல்லோணும்? என்னைத் தெரியாதோ அவவுக்கு? தெரியாத ஆளுக்குச் சொல்லி என்ன பிரயோசனம்?"

இரண்டு பேரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டவேண்டும்போல இருந்தது எனக்கு.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் இதே கூத்துத்தான். மின்சாரம் போனது, மண்ணெண்ணெய் சவர்க்காரமெல்லாம் விலை ஏறியது, நாங்கள் ஜாம் போத்தல் விளக்கில் சாப்பிட்டோம், பொம்பர் வந்தபோது ஒரே பங்கருக்குள் அக்காவும் தங்கையும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். இடையில் எப்போதாவது அம்மாவின் தாடை கழலும். நான் சுற்றி ஓடுவேன், கையைக் கட்டிச் சொல்லுவேன். பெரியம்மா வருவார், விரலுக்குத் துணி சுற்றுவார், போன தடவைக்குப் பிறகு சேர்ந்த மனக்குறையை எல்லாம் சொல்லுவார், கொளுவுவார், வாயைக் கட்டிவிட்டுப் போவார். அம்மாவின் பதில் மட்டும் சொல்லாமல் நிலுவையில் நின்றது. "இவ்வளவு கதைக்கிற ஆக்கள் கதையில்லையாம்" என்று அப்பா கொடுப்புக்குள் சிரித்தார்.

ஒரு தடவை நான் பிடிவாதமாக அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெற்றோல் இல்லாத காலம். அப்பாவின் சைக்கிள் கரியரில் இருந்து, வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார். கண்டவர்களெல்லாம் யார் செத்தது என்று கேட்டார்கள். டொக்டர் ஒரு நொடியில், வலி தெரியாமல், அழகாகக் கொளுவிவிட்டார். நான் மகிழ்ந்துபோனேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கட்டுக்குள்ளால் முணுமுணுத்தார்: "ஒரு கதையுமில்லாமல் கொளுவிவிட்டான். இதென்ன வைத்தியம்?"

பிறகு அந்தச் செய்தி வந்தது. பெரியம்மாவைக் கனடாவுக்கு எடுக்க மகன் ஒழுங்கு செய்துவிட்டார். ஊரை விட்டுப் போவதற்கான பாஸும் கிடைத்துவிட்டது. கிளாலிக்குப் போய், கடல்நீரேரியைத் தாண்டி, வவுனியா, கொழும்பு, பிறகு கனடா. இந்த வயதில் போகிறவர் திரும்பி வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

பயணம் போகிறவர் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லவேண்டும். அதுவும் எங்கள் ஊர் வழக்கம்தான். பெரியம்மா சொல்லத் தொடங்கினார். கோப்பாய்க்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். வட்டுக்கோட்டைக்கு ஆரோ சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஒழுங்கையின் அந்த முனை வீட்டுக்கும் வந்தார், இந்த முனை வீட்டுக்கும் வந்தார். எங்கள் படலையைக் கடந்து போனார்.

பயணத்துக்கு முதல் நாள் காலமை அம்மா குளித்து, நல்ல சேலை உடுத்து, விறாந்தைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணிக்குப் பால்மா எடுத்து வைக்கச் சொன்னார், அந்தக் காலத்தில் அது லேசான விஷயமில்லை. படலைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்தார். மத்தியானம் ஆனது. சாப்பிட எழும்பவில்லை. கலியாணத்தன்று பெரியம்மா இப்படித்தான் இருந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

"நான் போய்ச் சொல்லுறன் அம்மா."

"போகாதை. நீ போனால் நான் போனமாதிரி."

"பெரியம்மா நாளைக்குப் போயிடுவா, அம்மா!"

"தெரியும்."

எழும்பிக் குசினிக்குள் போனார். பிறகு, "ஆ... ஆ..."

ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா பலகையைத் தானே எடுத்துப் போட்டு அதில் இருந்துகொண்டு வாயைப் பெரிதாகத் திறந்து வைத்திருந்தார். இந்த நேரம் பார்த்தா இது கழல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒழுங்கையைச் சுற்றி ஓடினேன். பெரியம்மா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கையைக் கட்டப்போக, "விடு பிள்ளை, வா" என்று எழும்பினார். "ஆர் சொன்னது" என்று கேட்கவில்லை.

வழமைபோல நான் பின்னால் முழங்காலில் நின்று தலையைப் பிடித்தேன். வழமைபோல என் விரல் காதுக்கு முன்னால் போனது. குழி இல்லை. மற்றக் காதையும் தடவினேன். அங்கேயும் இல்லை. எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் சுகமாக இருந்தது. நாடியும் முன்னுக்கு வந்திருக்கவில்லை. ஒரு சொட்டு வீணீர் இல்லை. அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "ஆ..." என்றார்.

பெரியம்மாவின் விரலும் அந்த இடத்துக்கு வந்தது. தொட்டது. நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இவர் இப்போது எழும்பி ஏசிவிட்டுப் போகப்போகிறார் என்று பயந்தேன்.

பெரியம்மா துணியை எடுத்துப் பெருவிரல்களுக்குச் சுற்றத் தொடங்கினார். இரண்டு சுற்றுக் கூடுதலாகவே சுற்றினார். அம்மாவின் வாய் திறந்து கிடந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், பதில் வராது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலைக் கொடுப்புப் பல்லில் வைத்தார். அமத்தவில்லை, தள்ளவில்லை, அம்மாவின் முகத்தை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்தார். மூடியிருந்த கண்ணால் தண்ணீர் வழிந்து என் கைக்கு வந்தது.

பிறகு, பெயருக்கு ஒரு அமத்து அமத்தி விரலை எடுத்தார். சத்தம் வராதே! அம்மாவுக்கு அது நினைவு வந்து, நாக்கால் "டொக்" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடினார்.

பெரியம்மா கொடுப்புக்குள் சிரித்ததை நான் கண்டேன். நாடிக்கட்டுத் துணியை எடுத்து மடித்து அம்மாவின் மடியில் வைத்தார். "இண்டைக்குக் கட்டில்லை. கதையடி."

அம்மா கண்ணைத் திறந்தார். அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்த பதில் முழுவதும் தொண்டையில் வந்து நின்றது. "அக்கா, நான்..." என்றார். அழுகை பொங்கிவிட்டது. அதோடு வாயும் பெரிதாகத் திறந்தது.

"டொக்."

இந்த முறை நாடி முன்னுக்கு வந்தது. வீணீரும் வந்தது. "ஆ! ஆ!" என்று அம்மா இரண்டு கையாலும் தரையில் அடித்தார்.

பெரியம்மா சிரித்த சிரிப்பை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. "இப்பதானடி உண்மையாப் போயிருக்கு! கோதாரி, ஒரு பொய்யையாவது ஒழுங்காச் செய்யத் தெரியாதே உனக்கு?" சிரித்து, மூக்கைத் துடைத்து, திரும்ப விரலை வைத்து, நிஜமாகவே கொளுவி, நாடியைச் சேர்த்துக் கட்டினார். சொல்லவேண்டிய அந்த ஒரு வசனம் திரும்பவும் உள்ளே போய்விட்டது. போகும்போது படலைப் பக்கம் திரும்பினவர், நின்று, வேலியைப் பார்த்து, "பிள்ளை, அந்த மட்டையளை இழுத்து எறி" என்றார். அவரே மற்றப் பக்கத்தில் நின்று தன் மட்டையை இழுத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் கிளாலிக்குப் போகிற தட்டிவான் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. பெரியம்மா பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு பொட்டால் குனிந்து வந்தார். வந்து, சேலையை உதறி, அந்நிய வீட்டுக்கு வந்தவர்போல விறாந்தைக் கதிரையில் இருந்தார். நான் பால்மாத் தேத்தண்ணி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார்.

"நான் பயணம் போறன். உங்களுக்குச் சொல்ல வந்தனான்" என்றார்.

கட்டோடு நின்ற அம்மா கையை மேலே கொண்டுபோய் உச்சி முடிச்சை அவிழ்த்தார். "அம்மா, கை!" என்று நான் கத்தினேன். அம்மா இரண்டு கையாலும் நாடியைக் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு, பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு கடதாசி போகிற அளவுக்கு மட்டும் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"அக்கா. நான். உங்களை. அப்பிடி. ஒருநாளும். நினைக்கேல்லை."

பெரியம்மா எழும்பி வந்து துணியை வாங்கினார்.

"தெரியுமடி. எனக்கு எப்பவோ தெரியும். நீ சொல்லிக் கேக்கோணும் எண்டுதான் இருந்தனான்" என்று சொல்லிக்கொண்டே நாடிக்குக் கீழால் கொடுத்து, உச்சியில் கொண்டுவந்து, வழக்கத்தைவிட மெதுவாக முடிச்சுப் போட்டார். "போயிட்டு வாறன்."

அம்மா தலையை ஆட்டினார். தட்டிவான் சத்தம் கேட்காமல் போகுமட்டும் பொட்டடியில் நின்றார்.